டெங்கு ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து, நான்காம் நாள் ரத்தம் கொடுத்தோம். என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ். டெங்கு இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் காய்ச்சல் விட்டது. ஆனால் வயிற்று வலியும் வாந்தியும் ஆரம்பித்தன. பிளேட்லெட் 38 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் திரும்பினாள். ‘இது அவளுக்கு இரண்டாவது டெங்கு’ என்றார் டாக்டர். எங்களுக்குத் தெரிந்து இதற்கு முன் வந்ததே இல்லை. ‘அம்மை மாதிரிதான், ஒருமுறை வந்தால் உடம்பில் எதிர்ப்பு சக்தி வந்துவிடும்’ என்கிறார் மாமியார். வாட்ஸ்அப்பிலோ, அடுத்த முறை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு செய்தி சுற்றுகிறது. யார் சொல்வது சரி? 7 வயது மகனுக்கும் ஐஜிஜி எடுத்துப் பார்க்கலாமா? டெங்குவுக்குத் தடுப்பூசி இருக்கிறதாமே, போடலாமா? தங்கைக்கு 5 மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறது. பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, வாட்ஸ்அப் செய்தியிலும் இருக்கிறது. ஆனால் இரண்டுமே உங்கள் மகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ‘அடுத்த முறை’ என்று பயப்படுகிறீர்களே, அந்த அடுத்த முறைதான் போன ஐப்பசியில் வந்து போனது. அது எப்படி என்று சொல்கிறேன். முதலில் அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் காய்ச்சல் வார்டில் ரவுண்ட்ஸ் போகும் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ரத்த மாதிரிகளோடு உட்கார்ந்திருக்கும் நுண்ணுயிரியல் மருத்துவர். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டால் எங்கள் லேப் ஜன்னலில் கூட்டம் அலைமோதும். விரல் நீளப் பிளாஸ்டிக் கார்டு ஒன்றில் ஒரு துளி சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர்) விட்டு, கூடவே சில சொட்டு திரவம் விடுவோம். இளஞ்சிவப்பாக ஓர் ஈரம் மெல்ல ஊர்ந்து ஏறும். கால் மணி நேரத்தில் ‘சி’ என்ற இடத்தில் ஒரு கோடு விழும். கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. ‘எம்’, ‘ஜி’ என்ற இடங்களில் கோடு விழுந்தால் ஐஜிஎம், ஐஜிஜி என்ற அந்தந்த ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொள்ளும் புரதம், ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். காய்ச்சல் வந்து நான்கு நாளே ஆன ஒரு குழந்தையின் கார்டில் ‘எம்’ வெறுமையாக இருந்து ‘ஜி’ மட்டும் அழுத்தமாக விழுந்தால், ‘அப்பாடா, டெங்கு இல்லை’ என்று நாங்கள் மூச்சு விடுவதில்லை. வார்டுக்குப் போன் போடுவோம்.

ஏன் என்று கேட்பீர்கள். என்எஸ்1 என்பது ஆன்டிபாடி அல்ல. வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கொட்டும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே தெரியும், முதல்முறை டெங்கு வந்தவருக்கு ஒரு வாரம் வரைகூடத் தெரியும். ஏற்கெனவே டெங்கு வந்து போனவர் என்றால், உடம்பில் பழைய ஆன்டிபாடிகள் காத்திருக்கும். அவை என்எஸ்1-ஐ வளைத்துப் பிடித்துவிடுவதால் கார்டின் கண்ணுக்கு அது சீக்கிரமே மறைந்துபோகும். நான்காம் நாள் நெகட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஐஜிஎம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி. உடம்பு ஒரு கிருமியை முதன்முதலாகச் சந்திக்கும்போது முதலில் தயாராவது இதுதான். டெங்குவில் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் தலைகாட்டும். இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் வடிந்துவிடும். ஐஜிஜி அனுபவஸ்தர். முதல் டெங்குவில் அவர் ஆற அமர, ஒரு வாரம் கழித்துத்தான் வருவார். வந்தால் ஆயுசுக்கும் இருப்பார். ஆக, நான்காம் நாளே ஐஜிஜி அழுத்தமாக நிற்கிறது என்றால் அது இந்தக் காய்ச்சலில் புதிதாகப் பிறந்ததாக இருக்க முடியாது. முன்பு எப்போதோ வந்து போன டெங்குவின் நினைவு உடம்பில் இருந்திருக்கிறது. அந்த நினைவை வைத்திருக்கும் செல்கள் பாடத்தை மறுபடி அ, ஆ-விலிருந்து படிப்பதில்லை. நேராக ஐஜிஜியைக் கொட்ட ஆரம்பித்துவிடும். ஐஜிஎம் கொஞ்சமாக வரும், சில சமயம் கார்டில் தெரியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். நீங்கள் ‘டெங்கு இல்லை’ என்று படித்த அதே மூன்று வரிகளை உங்கள் டாக்டர் ‘இரண்டாவது டெங்கு’ என்று படித்தது இதனால்தான்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐஜிஜி கோட்டை மட்டும் வைத்து யாருக்கும் டெங்கு என்று முத்திரை குத்த முடியாது. நம் ஊரில் நல்ல ஆரோக்கியத்தோடு காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவரின் ரத்தத்திலும் அந்தக் கோடு விழலாம். காய்ச்சல், வயிற்று வலி, பிளேட்லெட் இறங்கியது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவுக்கு வந்திருப்பார். சந்தேகமே இல்லாமல் உறுதி செய்ய வேண்டுமென்றால், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி நான்கு மடங்காவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை நன்றாகி விளையாடப் போன பிறகு அதற்காக யாரும் திரும்பி வருவதில்லை. அதில் தப்பும் இல்லை. கார்டு டெஸ்ட் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அரசின் டெங்கு கட்டுப்பாட்டுத் திட்டம் உறுதிப்படுத்தலுக்கு, கார்டைவிட நம்பகமான எலிசா என்ற லேப் பரிசோதனையைத்தான் ஏற்கிறது. காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 எலிசா, அதற்குப் பிறகு ஐஜிஎம் எலிசா.

சரி, ‘இதற்கு முன் வந்ததே இல்லை’ என்கிறீர்கள். வந்திருக்கும், உங்களுக்குத் தெரியாமல். டெங்கு வைரஸ் உடம்பில் நுழைந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது பள்ளிக்கு ஒரு நாள் லீவு போடும் அளவு உடம்பு சூடோடு போய்விடும். 2017, 2018-ல் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முன்னின்று 15 மாநிலங்களில் 12,300 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. மொத்தத்தில் 48.7% பேருக்கு டெங்கு ஐஜிஜி இருந்தது. தென் மாநிலங்களில் மட்டும் எடுத்தால் 76.9%. நான்கில் மூன்று பேர்! அவர்களில் எத்தனை பேர் ‘எனக்கு டெங்கு வந்தது’ என்று சொல்லியிருப்பார்கள்? எங்கள் லேபில் புது கிட் ஒன்று வந்தபோது விளையாட்டாக எங்கள் ரத்தத்தையே போட்டுப் பார்த்தோம். ஐந்து பேரில் நான்கு பேருக்கு ஐஜிஜி. அந்த நால்வரில் நானும் ஒருவன். எனக்கு எப்போது வந்தது என்று இன்றுவரை தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். ‘உனக்கு எப்பப் பார்த்தாலும் சளிக் காய்ச்சல்தானே’ என்று முடித்துவிட்டார்.

இப்போது உங்கள் மாமியாரிடம் வருவோம். தட்டம்மையை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபேரோ தீவுகளில் 1846-ல் தட்டம்மை புகுந்தது. அதற்கு முன் அங்கே 1781-ல்தான் வந்திருந்தது. நடுவில் 65 வருடம் அந்த நோய் தீவை எட்டிப் பார்க்கவில்லை. சுமார் 7,800 பேரில் 6,000 பேரைப் பிடித்துக்கொண்டது. பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் அங்கே போய் வீடு வீடாகக் குறிப்பெடுத்தார். சிறு வயதில் 1781-ல் அம்மை கண்டிருந்த கிழவர்கள், கிழவிகளில் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை என்று அவர் எழுதினார். 65 வருட நினைவு! ஒரு ஐஜிஜி மூலக்கூறின் ஆயுள் கொஞ்சம்தான். மூன்று வாரத்தில் பாதி காணாமல் போய்விடும். எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறிய சில செல்கள் விடாமல் அதையே தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருப்பதால்தான் அளவு குறையாமல் இருக்கிறது.

டெங்குவிலும் இதே ஏற்பாடு உண்டு. சிக்கல் என்னவென்றால், தட்டம்மை வைரஸ் ஆன்டிபாடிகளின் கண்ணுக்கு ஒரே ஆள். டெங்குவோ நான்கு பேர். 1, 2, 3, 4 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். முகஜாடை ஒன்று, ஆனால் ஆள் வேறு. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 1960-களிலேயே அந்த ஒரே ஊரில் நான்கு வகைகளையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆகவே இது நமக்குப் புதிதல்ல. ஒரு வகை வந்து போனால் அதே வகை மறுபடி நோயாக வராது என்பதே பொது விதி. அந்த அளவுக்கு உங்கள் மாமியார் சரி. மற்ற மூன்றும் வரலாம்.

இதை முதலில் காட்டியவர் ஆல்பர்ட் சாபின். பின்னாளில் போலியோ சொட்டு மருந்தைத் தந்த அதே சாபின்தான். இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-களில், அமெரிக்க ராணுவத்துக்காகத் தன்னார்வலர்களுக்கு டெங்கு வைரஸை ஏற்றிப் பார்த்தார். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அப்படியே அனுமதிக்காது, அது வேறு கதை.) ஒரு வகை வந்து தேறியவர்களுக்கு 18 மாதம் கழித்து அதே வகையை ஏற்றியும் ஒன்றும் ஆகவில்லை. வேறு வகையை இரண்டு மாதத்துக்குள் ஏற்றினாலும் நோய் வரவில்லை. அதற்குப் பிறகு ஏற்றினால், லேசாகவாவது வந்தது. அதாவது, பக்கத்து வீட்டுக்காரனையும் சேர்த்துத் தடுக்கும் காவல் கொஞ்ச காலத்துக்குத்தான்.

அந்தக் காவல் தளர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வாட்ஸ்அப் செய்தியின் வேர் இருக்கிறது. ஆன்டிபாடி பார்ப்பதற்கு உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். மேலே பிரியும் இரண்டு கிளைகள் வைரஸைப் பிடிக்கும். கீழே கைப்பிடி. நம் வெள்ளணுக்களில் சிலவற்றின் மேல் இந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள் உண்டு. வழக்கமாக இது நல்ல ஏற்பாடு. வைரஸைச் சுற்றி ஆன்டிபாடிகள் மொய்த்துக்கொள்ளும், வெள்ளணு கைப்பிடியைப் பிடித்து உள்ளே இழுத்து அழித்துவிடும். ஆனால் டெங்கு வைரஸ் குடியிருக்க விரும்புவதே இந்த வெள்ளணுக்களுக்குள்தான். முதல் வகைக்காகச் செய்த ஆன்டிபாடி இரண்டாவது வகையை அரைகுறையாகத்தான் பிடிக்கும். மொய்த்து மூடும் அளவுக்கு எண்ணிக்கையும் இல்லை, பிடியும் இறுகவில்லை என்றால் வைரஸ் உயிரோடுதான் இருக்கும். அந்த நிலையில் வெள்ளணு அதைக் கைப்பிடியோடு உள்ளே இழுத்தால் என்ன ஆகும்? திருடனைப் பிடித்துக் கட்டாமலேயே கைப்பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்த கதைதான். வைரஸ் உள்ளேயே பெருகும்.

இது வெறும் ஊகம் இல்லை. கியூபாவில் 1977-ல் டெங்கு 1-ஆம் வகை பரவியது. பெரிய சேதம் இல்லை. நான்கு வருடம் கழித்து 1981-ல் 2-ஆம் வகை வந்தது. பதிவானவை 3,44,203 காய்ச்சல்கள், 158 மரணங்கள். இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள். பிறகு அந்த நாட்டில் கொசு ஒழிப்பு அவ்வளவு கறாராக நடந்தது. பல வருடம் டெங்கு தலைகாட்டவில்லை. 1997-ல் சாந்தியாகோ என்ற ஒரே நகரத்தில் மறுபடி 2-ஆம் வகை வந்தது. இந்தமுறை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெரியவர்கள். இறந்த 12 பேரும் பெரியவர்கள்தான். காரணம், 1977-ல் 1-ஆம் வகையைக் கண்டிருந்தவர்கள் அவர்கள்தான். இருபது வருடம் ஆகியும் அந்தப் பழைய கணக்கு தீரவில்லை. குழந்தைகளோ டெங்குவை அதுவரை பார்த்ததே இல்லை, அவர்களுக்கு அது முதல் டெங்கு.

இதில் ஆன்டிபாடி இருக்கிறதா இல்லையா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விஷயம். நிகரகுவாவின் தலைநகரான மனாகுவாவில் குழந்தைகளை 12 வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, வருடா வருடம் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. ஆன்டிபாடியை அளக்கும் முறை ரொம்ப எளிது. ரசத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய் எந்தக் கரண்டியில் புளிப்பு தெரியாமல் போகிறது என்று பார்ப்பது மாதிரி, சீரத்தை நீர்க்கவைத்துக்கொண்டே போவோம். 21 முதல் 80 மடங்கு வரை நீர்க்கவைத்ததும் தெரியாமல் போகும் நடுத்தர அளவு ஆன்டிபாடி இருந்த குழந்தைகளுக்குத்தான் கடுமையான டெங்கு அதிகம் வந்தது. அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. ஆன்டிபாடியே இல்லாதவர்களுக்கும் அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை. நடுவில் மாட்டியவர்களுக்குத்தான் கஷ்டம்.

உங்கள் தங்கையின் குழந்தை விஷயமும் இதே கணக்குதான். 1960-களில் பாங்காக்கில் வேலை பார்த்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இரண்டு வகைக் குழந்தைகள் கடுமையான டெங்குவோடு வருவதைக் கவனித்தார். ஒரு வகை, இரண்டாவது முறை டெங்கு வந்த பெரிய பிள்ளைகள். இன்னொரு வகை, 6 மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருந்த கைக்குழந்தைகள். கைக்குழந்தைகளுக்கு அதுதான் முதல் டெங்கு! அப்புறம் ஏன்? டெங்கு கண்ட தாயின் ஐஜிஜி, நஞ்சுக்கொடி வழியாக வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பிறந்த சில மாதம் அது நிறைய இருப்பதால் காவல். மூன்று வாரத்துக்குப் பாதி என்ற கணக்கில் கரைந்து, அரை வயது தாண்டும்போது அந்த நடுத்தர அளவுக்கு வந்துவிடும். ஒரு வயது ஆகும்போது சுத்தமாகப் போய்விடும், ஆபத்தும் அதோடு குறையும். குழந்தைக்கு இப்போது 5 மாதம் என்றால், அடுத்த அரை வருடம் கொசு விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே முன்ஜாக்கிரதை வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த இதில் ஒரு காரணமும் இல்லை. அதைத் தங்கையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே குழந்தை டாக்டரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மகளை நினைத்துக் கலங்காதீர்கள். இரண்டாவது டெங்கு வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அது சாதாரணக் காய்ச்சலாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும்தான் முற்றுகிறது. அந்தச் சிலரில் உங்கள் மகள் ஒருத்தி, அதையும் கடந்து வந்துவிட்டாள். இரண்டு வகைகளைக் கண்ட உடம்பு, நான்குக்கும் பொதுவான இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை நிறையவே செய்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது, நான்காவது டெங்கு வரக்கூடும், ஆனால் அது கடுமையாவது அபூர்வம். உங்கள் வீட்டில் இனி யாரைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், மகளைவிட மகனைத்தான் சொல்வேன்.

அப்படியானால் அவனுக்கு ஐஜிஜி எடுக்கலாமே என்பீர்கள். வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பாசிட்டிவ் வந்தால் ஒரு வகை வந்ததா, மூன்று வகை வந்ததா என்று அந்தக் கோடு சொல்லாது. டெங்குவே வராமல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தாலும் கோடு விழலாம், இரண்டு வைரஸும் ஒரே குடும்பம். தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அந்த ஊசி வழக்கமாகவே போடப்படுகிறது. நெகட்டிவ் வந்தாலும் அவனுக்குக் காய்ச்சல் வரும்போது செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. காசையும் ஊசிக் குத்தையும் மிச்சப்படுத்துங்கள். மஞ்சள் காமாலை பி ஊசி போட்டவர்களுக்கு ஆன்டிபாடி அளவு 10, வெறிநாய்க்கடி ஊசிக்கு 0.5 என்று, ‘இதற்கு மேல் இருந்தால் போதும்’ என ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். டெங்குவில் அப்படி ஒரு எண் கிடையாது.

தடுப்பூசிக் கதையும் இங்கேதான் தடுக்கி விழுந்தது. சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்சியா, நான்கு வகைக்கும் ஆன்டிபாடியைக் கிளப்பும் ஊசி. 2012-ல் தாய்லாந்தின் ராட்சபுரியில் 4,002 குழந்தைகளிடம் சோதித்தபோதே ஒரு புதிர் தெரிந்தது. 2-ஆம் வகைக்கு எதிராக ஆன்டிபாடி நன்றாக உண்டாகியிருந்தது, ஆனால் அந்த வகை நோயை ஊசி தடுக்கவே இல்லை எனலாம். லேபில் தெரியும் ஆன்டிபாடி வேறு, உடம்பில் வேலை செய்யும் ஆன்டிபாடி வேறு என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தலையில் குட்டிய சோதனை அது. பின்னர் நடந்த பெரிய சோதனைகள் ஓரளவு நல்ல முடிவு தந்ததால், 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது: முன்பு டெங்கு வராத குழந்தைக்கு இந்த ஊசி போட்டால், பிறகு டெங்கு வரும்போது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் குழந்தைக்கு ஊசியே முதல் டெங்கு மாதிரி ஆகிவிட்டது. கொசு கொண்டுவந்தது இரண்டாவதாகிவிட்டது. ஏற்கெனவே டெங்கு கண்ட குழந்தைக்கோ அதே ஊசி நல்லதே செய்தது.

திட்டம் நின்றது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக ஒப்புக்கொண்டவர்கள் அந்த நாட்டில் 2015-ல் 93%; 2018-ல் 32%. அடுத்த வருடமே அங்கே தட்டம்மை பெரிதாக வெடித்தது. டெங்கு ஊசிமேல் வந்த கோபத்துக்கு, அதோடு சம்பந்தமே இல்லாத, தலைமுறைகளாகக் காத்துவந்த ஊசியும் பலியானது. உங்கள் மகனுக்குத் தட்டம்மை, ரூபெல்லா உள்ளிட்ட வழக்கமான ஊசிகள் எல்லாம் போட்டாயிற்றா என்று, டெங்கு ஊசியைப் பற்றிக் கேட்பதற்கு முன் அட்டையை ஒருமுறை பாருங்கள்.

இப்போது வேறு டெங்கு ஊசிகள் வந்திருக்கின்றன. டகேடா நிறுவனத்தின் ஊசியை, டெங்கு அதிகம் உள்ள பகுதிகளில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு முன்கூட்டி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அமைப்பும் பானாசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து, ஒரே தவணை ஊசிக்கான மூன்றாம் கட்டச் சோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. 10,335 பெரியவர்களிடம் போட்டு, இரண்டு வருடம் பின்தொடர்வது என்பது திட்டம். ஊசி போட்ட மாதம் ஆன்டிபாடி எவ்வளவு கிளம்பியது என்பதைவிட, அடுத்தடுத்த மழைக்காலங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதற்குத்தான் அந்த இரண்டு வருடம். பிலிப்பைன்ஸ் பாடம் வீண்போகவில்லை. உங்கள் மகனுக்கு ஊசி வேண்டுமா என்பதை உங்கள் குழந்தை டாக்டர் முடிவு செய்யட்டும். யாரோ முகாம் போடுகிறார்கள் என்று வரிசையில் நின்றுவிடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டெங்குவில் மோசமான நேரம் 105 டிகிரி கொதிக்கும்போது இல்லை. காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். உங்கள் மகளுக்கும் அப்படித்தானே நடந்தது? அந்த நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். ஒன்று அல்லது இரண்டு நாள் இருக்கும் அந்தக் கண்டம். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை சோர்ந்து படுப்பது அல்லது காரணமில்லாமல் படபடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கை கால் சில்லிட்டுப் போவது, இதில் எது வந்தாலும் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். புரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் கூடாது. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பது நம் ஊர் வழக்கம். பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) ஏறுகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், கசிவைச் சொல்வது அதுதான். ரத்தக்கசிவு இல்லாதபோது பிளேட்லெட் ஏற்றுவதால் பெரியவர்களுக்குப் பலனில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த சோதனை 2017-ல் காட்டியது. பப்பாளி இலைச்சாறு அந்தக் கசிவை நிறுத்தியதாக யாரும் நிரூபிக்கவில்லை. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு அந்தக் கசப்பைப் புகட்டுவதைவிட, இளநீரோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ, உப்பு போட்ட கஞ்சியோ வாய் வாயாகக் கொடுக்கலாம்.

மகளின் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்; பிறகு எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் டாக்டருக்கு அது உதவும். தங்கை வீட்டில் குழந்தையைப் பகலில் தூளியில் போடும்போதும் வலை மூடச் சொல்லுங்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், ராத்திரி மட்டும் வலை கட்டிப் பயனில்லை. அது முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே தண்ணீர் சொட்டும் ஒரு தட்டு இருக்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் இழுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் தங்கை வீட்டிலும் முதலில் அதை இழுத்துக் கொட்டுங்கள்.